இறங்கும்போது மட்டும் ஆடிய புல்லட்: ஏற்காட்டு மலைப்பாதையில் டயரும் காற்றழுத்தமும், ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் என் மாமாவிடம் 1986ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்று இருக்கிறது. வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சி.சி., முன்னும் பின்னும் 19 அங்குலக் கம்பிச் சக்கரம், இரண்டிலும் டிரம் பிரேக். மாமாவும் அத்தையும் சனிக்கிழமை காலையில் அதில் ஏற்காடு ஏறி, நாகலூர்ப் பக்கம் உள்ள சிறு காப்பித் தோட்டத்தில் ஓர் இரவு தங்கி, ஞாயிறு காலையில் இறங்குவார்கள். இது பல ஆண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு முதல் அவர் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறும்போது வண்டி கல்லுப் போல நிற்கிறது. இறங்கும்போது மட்டும் பின்பக்கம் பஞ்சர் ஆனதைப் போல அலைகிறது, ஹேண்டில்பார் நடுங்குகிறது, கொண்டை ஊசி வளைவில் வண்டி தானாகவே உள்பக்கம் சரிந்து விழப் பார்க்கிறது.

இந்தப் புகாரின் பேரில் வண்டியில் என்னென்ன மாற்றப்பட்டன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான கோன் செட் மாற்றப்பட்டது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டில் உள்ள புஷ் மாற்றப்பட்டது. இரண்டு சக்கரங்களிலும் கம்பி இறுக்கிக் கோட்டம் எடுக்கப்பட்டது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் மாற்றப்பட்டது. எல்லாம் முறையாகவே செய்யப்பட்டிருந்தன என்பதை நானும் சரிபார்த்தேன். ஆட்டம் மட்டும் போகவில்லை. டயரைப் பற்றி யாரும் பேசாததற்குக் காரணம், இரண்டு டயரிலும் பட்டன், அதாவது தரையைத் தொடும் பரப்பில் உள்ள கோலம், நன்றாகவே இருந்ததுதான். நம் ஊரில் டயர் மொட்டையானால்தான் டயர் கெட்டது என்று கணக்கு.

வண்டியில் இருந்த டயர்கள்

முன்டயர் 3.25-19 (டயரின் அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம்), நீளவாக்கில் கோடுபோட்ட ரிப் வகை. அதன் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் 1413 என்ற நான்கு இலக்கங்கள் இருந்தன. முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை என்பதால், அது 2013ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் வார்க்கப்பட்ட டயர். கோட்டின் ஆழம் இன்னும் 4 மில்லிமீட்டர் இருந்தது. இரு சக்கர வாகனங்களுக்குச் சட்டம் கேட்பது 0.8 மில்லிமீட்டர்தான். ஆனால் கோடுகளின் அடியில் முடிபோல வெடிப்புகள் ஓடின. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் புது ரப்பரில் ஒரு பள்ளம் விழுந்து மெல்ல மறையும், இதில் நகம்தான் வலித்தது. ஆழம் இருக்கிற டயரில் பிடிப்பும் இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. வாரம் ஒரு முறை மட்டும் ஓடி, மீதி நாள் வெயில்படும் தாழ்வாரத்தில் நிற்கும் பழைய வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது.

பின்டயர் புதியது, 4.00-19. "அகலம் போட்டா ரோட்டப் புடிச்சுக்கும்" என்று சொல்லி இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு கடையில் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இந்த வண்டிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த அளவு முன்னும் பின்னும் 3.25-19. ரிம்மின் பெயர் டபிள்யூ.எம்.2, அதன் உள் அகலம் 1.85 அங்குலம். அந்த அகலத்தில் 3.25 இயல்பாக உட்காரும், 3.50உம் உட்காரும். 4.00 டயரை அதில் மாட்டினால் அதன் இரு விளிம்புகளும் தேவைக்கு மேல் நெருக்கப்பட்டு, நடுமுதுகு கூர்ந்து எழுந்துவிடுகிறது. தட்டையாக நின்று தரையைப் பிடிக்க வேண்டிய டயர், நேராகப் போகும்போது முதுகெலும்பின் மேல் நின்றது. வளைவில் சாய்த்ததும் அந்தக் கூரிலிருந்து பக்கவாட்டுக்குச் சட்டென்று உருண்டது. வண்டி தானாகச் சரிகிறது என்று மாமா சொன்னதில் ஒரு பங்கு இது. சங்கிலிக் காப்பு உரசி, டயரின் ஒரு பக்கம் முழுக்க விரற்கடை அகலத்துக்குப் பளபளத்துக் கிடந்தது. அதையும் யாரும் பார்த்திருக்கவில்லை.

அளவியும் தராசும்

காற்றழுத்தத்தைக் கடைகளில் பவுண்டு என்றே சொல்வார்கள். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது பொருள். நானும் அப்படியே எழுதுகிறேன். மாமா காற்றை அலட்சியம் செய்பவர் அல்லர். சட்டைப்பையில் பேனா வடிவ அளவி ஒன்று எப்போதும் இருக்கும், பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் "எவ்வளவுங்க அடிக்கட்டும்?" என்று கேட்டால், அடிக்கச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு முறை வைத்துப் பார்ப்பார். பின்டயருக்கு 32 பவுண்டு என்பது அவருடைய கணக்கு. கணக்கு தவறில்லை. அந்த அளவியைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

என்னுடைய வட்டமுக அளவி, ஒரு பங்க்கின் எண்காட்டி, நண்பர் ஒருவர் காரில் வைத்திருக்கும் அளவி ஆகிய மூன்றையும் மாமாவின் அளவியோடு சேர்த்து ஒரே டயரில், ஒரே நேரத்தில், நிழலில் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்றும் 30, 30, 29 என்றன. மாமாவினுடையது 34 என்றது. ஆக அவர் 32 என்று நம்பி அடித்துக்கொண்டிருந்தது உண்மையில் 28. பழைய வண்டிகளில் இந்த 4 பவுண்டு சிறிய பிழை அல்ல. முன்சக்கரத்துக்கு மொத்தமே 20 பவுண்டுதான் என்கிற இடத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு.

அடுத்து எடை. டயருக்கு எவ்வளவு காற்று என்ற கேள்விக்கு வண்டியின் பெயரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எத்தனை கிலோ இறங்குகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். லீ பஜாரில் தெரிந்த மண்டி ஒன்றின் மேடைத் தராசில், மூட்டைகள் ஓய்ந்த மதிய நேரத்தில், ஒரு சக்கரத்தைத் தராசின் மேலும் மற்றதை அதே உயரத்துக்கு அடுக்கிய பலகையின் மேலும் நிறுத்தி, ஆட்களை ஏற்றி, வண்டி சாயாமல் ஒருவர் விரலால் மட்டும் தாங்கிக்கொள்ள, எடை பார்த்தோம். மண்டியில் இருந்தவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தது தனிக்கதை.

மாமா மட்டும் உட்கார்ந்தபோது முன்சக்கரத்தில் 96 கிலோ, பின்சக்கரத்தில் 146 கிலோ. அத்தையும், தோட்டத்திலிருந்து இறக்கும் 14 கிலோ மிளகுப் பையும் சேர்ந்தபோது முன்சக்கரத்தில் 101, பின்சக்கரத்தில் 216. கூடிய 75 கிலோவில் 70 கிலோ பின்டயரின் தலையில்தான் விழுந்தது. முன்னால் ஏறியது வெறும் 5. இருவர் போகும்போது இரண்டு டயருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டி அடிப்பது என்ற வழக்கம் எவ்வளவு பொருளற்றது என்பது அந்தத் தராசில் தெரிந்தது.

இறங்கும்போது மட்டும் ஏன்?

இந்த நிகழ்வின் உயிர் இந்தக் கேள்விதான். அதே வண்டி, அதே ஆட்கள், ஏறக்குறைய அதே எடை. ஏறும்போது இல்லாத ஆட்டம் இறங்கும்போது எங்கிருந்து வந்தது? மாமா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். "மேல போனா காத்து ஏறிக்குது மாப்ள. ஒண்டிக்கடை தாண்டுனதும் நிறுத்தி, பழையபடி முப்பத்திரண்டுக்கு எறக்கிருவேன்." ஒண்டிக்கடை என்பது ஏற்காட்டில் உள்ள ஓர் இடம்.

அவர் பார்த்தது உண்மை. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கீழே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 14.2 பவுண்டு, மேலே 12.2 பவுண்டு. அளவி காட்டுவது டயருக்குள் இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே என்பதால், உள்ளே ஒரு மூச்சுக்காற்றுகூடக் கூடாமலேயே மலைமேல் அளவி 2 பவுண்டு கூடுதலாகக் காட்டும். இதோடு, 20 கொண்டை ஊசி வளைவுகளை இருவரோடு ஏறி வந்த டயர் சூடாக இருக்கும்; அந்தச் சூட்டின் பங்கு தனி.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை காலை சேலத்தில், காற்று 28 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, டயரில் உண்மையாக 28 பவுண்டு. மாமாவின் அளவியில் 32. மேலே போய்ச் சேரும்போது டயருக்குள் இருக்கும் காற்று 45 டிகிரிக்குச் சூடேறியிருந்தால் உண்மை அழுத்தம் 32 ஆகியிருக்கும். அவருடைய அளவி 36 என்று காட்டும். அவர் அதை 32க்கு இறக்குவார், உண்மையில் 28. இது சூடான டயரின் 28 என்பதுதான் விஷயம். இரவு முழுக்கக் குளிரில் நின்று, மறுநாள் காலை 17 டிகிரியில் அந்த டயர் எழும்போது அதில் மிச்சமிருப்பது 24 பவுண்டுக்குச் சற்றே மேல். அந்த 24 பவுண்டின் மேல்தான் 216 கிலோ ஏறி, மேலே கடைசி வளைவில் இருக்கும் 20/20 என்ற பலகையிலிருந்து அடிவாரம் வரை இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வந்த பிறகு மறுபடி காற்று அடிப்பதால் அடுத்த சனிக்கிழமை ஏறும்போது வண்டி சரியாகிவிடும். அளவி பொய் சொன்னது ஒரு பக்கம். உண்மையைச் சொன்ன இடத்திலும் அவர் அதைத் தவறாகப் படித்தது மறுபக்கம்.

மேலே டயரைத் தொடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அளந்து பார்த்தேன். காலையில் சேலத்தில் 32 அடித்த டயர், ஏற்காட்டு ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நின்று ஆறிய பிறகு அதே 32ஐத்தான் காட்டியது. குளிர் ஏறக்குறைய 2 பவுண்டைக் குறைக்கிறது. உயரம் 2 பவுண்டைக் கூட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஏற்காட்டுக்கு இது பொருந்திவந்தது தற்செயல்தான், எல்லா மலைக்கும் இப்படி அமையாது. ஆனால் இந்த மலைக்கு விதி எளிது: கீழே, குளிர்ந்த டயரில், சரியாக அடித்துவிட்டால் மேலே வால்வு மூடியைக் கழற்றவே வேண்டாம்.

டயரை மாற்றுவதற்கு முன் இதைத் தனியே சோதித்தேன். அதே காய்ந்த முன்டயர், அதே அகலப் பின்டயர். முன்னால் 22, பின்னால் 32, மேலே தொடவில்லை. பின்பக்க அலைச்சல் ஏறக்குறைய முழுவதும் நின்றது. ஹேண்டில்பார் நடுக்கமும் வளைவில் சரிதலும் அப்படியே இருந்தன. டயரையும் காற்றழுத்தத்தையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமலே போயிருக்கும்.

டயர் தேர்வு

பின்சக்கரத்துக்குத் தொழிற்சாலை அளவான 3.25-19ஐயே போட வேண்டும் என்பது என் முதல் எண்ணம். தராசு அதை மாற்றியது. அந்த அளவு டயரில் பொதுவாக 54பி என்று பொறித்திருப்பார்கள். பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. இந்த வண்டி அந்த வேகத்தைக் கனவில்கூடத் தொடாது, ஆகையால் அதற்கு மேலான வேகக்குறிக்குப் பணம் கொடுப்பது வீண். 54 என்பது சுமைக்குறி. 212 கிலோ, அதுவும் டயருக்கு உரிய முழு அழுத்தத்தில். எங்கள் பின்சக்கரத்தில் 216. மாமா தனியாகப் போகிறவராக இருந்தால் 3.25 தாராளம், இந்தக் குடும்பத்துக்கு அது எல்லையில் நிற்கிறது. 3.25க்குச் சமம் என்று கடைகளில் எடுத்துக்கொடுக்கும் 90/90-19 டயரின் சுமைக்குறி பெரும்பாலும் 52, அதாவது 200 கிலோ. முன்னால் போடலாம், பின்னால் இருவரோடு மலை இறங்குகிறவர் யோசிக்க வேண்டும். 3.50-19 டயரின் 57 என்ற குறி 230 கிலோவைத் தாங்கும். டபிள்யூ.எம்.2 ரிம்மில் அதன் உருவமும் கெடாது. ஆகவே பின்னால் 3.50-19 என்று முடிவு செய்தோம். அகல டயர் போட்டுக்கொடுத்த கடைக்காரரின் நினைப்பு சுமையைப் பொறுத்தவரை தவறில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் ரிம்மை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்சக்கரத்துக்கு 3.25-19 ரிப் டயரே, ஆனால் புதியது. கட்டம் போட்ட டயரை முன்னால் போட்டால் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். இந்தப் பாதையில் மழைக்காலத்தில் சுவரோரப் பாசியும், சில்வர் ஓக் மரத்தின் நனைந்த சருகும், வளைவின் உள்பக்கத்தில் பேருந்துச் சக்கரம் தள்ளிவிட்ட பொடிக்கல்லும் இருக்கும். அவற்றின் மேல் எந்தக் கோலம் போட்ட டயரும் வழுக்கத்தான் செய்யும், புது ரப்பர் கொஞ்சம் தாமதமாக வழுக்கும். என் காரணம் வேறு. 20 வளைவுகளுக்கும் முன்பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிற வண்டியில் கட்டங்களின் ஒரு முனை மட்டும் தேய்ந்து, டயர் ரம்பப்பல் போல ஆகிவிடுகிறது. அதன் பின் அது பாடிக்கொண்டே ஓடும், நடுக்கமும் வரும். தொடர்ச்சியான கோடுகளில் அந்தத் தொல்லை குறைவு.

மாட்டியது கோரிமேட்டில் ஒரு பஞ்சர் கடையில். புது டியூப், புது ரிம் டேப். பழைய டேப்பை எடுத்தபோது பின் ரிம்மில் மூன்று கம்பி முனைகள் நிப்பிளுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தன. கம்பி இறுக்கியதில் வந்த வினை. அவற்றை அரத்தால் ராவிய பிறகே டேப் ஏறியது. டயர் விளிம்புக்குச் சற்று மேலே சுற்றிலும் ஓடும் மெல்லிய வார்ப்புக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரியும்வரை, இரண்டு முறை காற்றை இறக்கிச் சோப்புநீர் தடவி மறுபடி ஏற்றச் சொன்னேன். கடைத் தம்பி பொறுமைசாலி. சங்கிலிக் காப்புக்கும் டயருக்கும் இப்போது 9 மில்லிமீட்டர் இடைவெளி.

அழுத்தத்தை முடிவு செய்தது

பழைய புல்லட்டுகளின் கையேட்டில் முன்னால் 18 பவுண்டு, பின்னால் தனியாக 28 என்பதுதான் அடிப்படை. அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டு, பழைய வண்டிக்காரர்களிடம் வழக்கத்தில் உள்ள பத்து சதவீத விதியைப் பயன்படுத்தினேன். குளிர்ந்த டயரில் அளந்துவிட்டு, வழக்கமான வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டி, நின்றவுடன் மறுபடி அளக்க வேண்டும். ஏற்றம் பத்து சதவீதத்தைச் சுற்றி இருந்தால் சரி, மிகக் கூடினால் காற்று போதாமல் டயர் மடிந்து மடிந்து சூடாகிறது, மிகக் குறைந்தால் காற்று அதிகம். இந்தச் சோதனையை மலைப்பாதையில் செய்யக் கூடாது. உயரத்தின் 2 பவுண்டு கணக்கைக் கெடுத்துவிடும். ஓமலூர்ச் சாலையில், விடிந்தும் விடியாத வேளையில் செய்தோம். தனியாக, பின்னால் 28 அடித்தபோது 31 ஆனது. இருவரோடு அதே 28 அடித்தபோது 33 ஆனது, 18 சதவீதத்துக்கு அருகில். இருவரோடு 32 அடித்தபோது 35.5. பின்சக்கரம் முடிந்தது.

முன்சக்கரம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. சமதரையில் 18 பவுண்டு அருமையாக இருந்தது; குழிகளை விழுங்கிக்கொண்டு ஓடியது. மலையிறக்கத்தில் நிலைமை வேறு. 317 கிலோ எடையை, பூமியின் ஈர்ப்பில் பத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பிரேக்கால் இழுத்துப் பிடித்தால், எடையின் நடுப்புள்ளி தரையிலிருந்து முக்கால் மீட்டர் என்று வைத்து, 1,370 மில்லிமீட்டர் சக்கர இடைவெளிக்குக் கணக்கிட்டால், ஏறக்குறைய 50 கிலோ பின்னிருந்து முன்னுக்கு நகர்கிறது. தராசில் 101 காட்டிய சக்கரம் அந்த நொடியில் 150ஐச் சுமக்கிறது. முதல் இறக்கத்துக்குப் பிறகு அடிவாரச் சோதனைச்சாவடி அருகே நிறுத்திப் பார்த்தபோது முன் வால்வு நேராக நிற்கவில்லை; சுண்டுவிரல் சாய்ந்ததுபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிரேக் பிடிக்கப் பிடிக்க டயர் ரிம்மின் மேல் நகர்ந்து, டியூப்பையும் தன்னோடு இழுத்திருந்தது. மாட்டும்போது தடவிய சோப்பு முழுதாகக் காயாததற்கும் இதில் பங்குண்டு. வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மூடியோடு ஒட்டி வைத்திருந்ததால்தான் சாய்வு கண்ணில் பட்டது. இறுக்கியிருந்தால் வால்வின் அடிவேர் கிழிந்த பிறகே தெரிந்திருக்கும்.

காற்றை இறக்கி, வால்வை நேராக்கி, 22 பவுண்டு அடித்து அடுத்த வாரம் மறுபடி இறங்கினோம். வால்வு அசையவில்லை. 24 அடித்துப் பார்த்தபோது பொடிக்கல்லில் முன்சக்கரம் துள்ளியது. தனியாகச் சமவெளியில் 20, இருவரோடு மலைக்கு 22 என்று நிறுத்திக்கொண்டோம். கையேட்டின் 18ஐ நான் தவறு என்று சொல்ல மாட்டேன். சேர்வராயன் மலையில் மிளகுப் பையோடு இறங்குவதை நினைத்து அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

தற்போதைய நிலை

இந்த அமைப்பில் ஏழு மாதம் ஓடியிருக்கிறது, நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழையும் போயிருக்கிறது. பின் அலைச்சலும் ஹேண்டில்பார் நடுக்கமும் திரும்பவில்லை. வளைவில் வண்டி சாய்க்கிற அளவுக்குத்தான் சாய்கிறது. பழைய 3.25 டயர் இருந்த நாட்களைவிடப் பின்டயர் சற்று உயரமானதால் இரண்டாம் கியரில் ஏற்றம் ஒரு துளி கனக்கிறது என்று மாமா சொல்கிறார். இருக்கலாம், அந்தத் தொழிற்சாலை அளவோடு ஒப்பிட்டால் சுற்றளவில் 2 சதவீதம் கூடியிருக்கிறது. பேனா அளவியை அவர் தூக்கிப்போட மறுத்துவிட்டதால், அதன் மேல் "4 கழி" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு குறை மட்டும் தீரவில்லை. நெடுஞ்சாலையில் தார் சுரண்டிப் போட்டிருக்கும் இடங்களில் நீளவாக்குக் கோடுகளுக்குள் ரிப் டயரின் கோடுகள் புகுந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பதுபோல மெல்ல அலைக்கிறது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. இந்த முன்டயர் முடிந்ததும் டன்லப் கே70 போன்ற, முன்னும் பின்னும் போடக்கூடிய பழைய பொதுக்கோல டயர் ஒன்றை அதே 3.25 அளவில் போட்டு, ரம்பப்பல் தேய்மானம் எத்தனை கிலோமீட்டரில் தொடங்குகிறது என்று அளப்பதாக இருக்கிறோம்.